கையால் கம்பியிட்ட கிட்டார் ஆம்ப்: ஒரு கேள்வியும் அதைத் தொடர்ந்த குறிப்புகளும்

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2022

கிட்டார் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றின் அதே சுற்றை அச்சுச்சுற்றுப் பலகையில் (பிசிபி) அமைத்தாலும் கையால் கம்பியிட்டு அமைத்தாலும் ஒலி ஒன்றாகத்தான் இருக்குமா? கையால் கம்பியிட்டதில்தான் உயிர் இருக்கிறது என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு எலக்ட்ரானிக்ஸில் பள்ளிப் பாட அளவு அறிவுதான் உண்டு. ஒன்றைக் கட்டிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

9 ஜனவரி 2022, இரவு

வேறுபாடு கிடையாது. உதிரிப்பாகங்களின் மதிப்புகள் ஒன்றாகவும் டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒன்றாகவும் ஸ்பீக்கர் ஒன்றாகவும் இருந்தால் ஒலி ஒன்றுதான். கையால் கம்பியிட்டதன் பயன் வேறு: இருபது ஆண்டுகள் கழித்து ஒரு கெப்பாசிட்டரை மாற்ற நேர்ந்தால், பலகையின் செம்புத் தடம் உரிந்து வருமோ என்று அஞ்சாமல் மாற்றலாம்.

ஒரு சான்று சொல்கிறேன். 1962இல் லண்டனில் மார்ஷல் கடையில் உருவான ஜேடிஎம்45 ஆம்ப், அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப்பின் சுற்றைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டுமே கையால் கம்பியிடப்பட்டவை. ஆனால் முதல் வால்வு (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்) வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேறு, திறந்த முதுகுள்ள பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில் அடைத்த பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள். இரண்டையும் கேட்டவர் எவரும் ஒன்றை மற்றொன்றாக எண்ண மாட்டார். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

தொடங்குவதற்கு ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 சுற்றே போதும். முதலில் இரு நிலைகளாகப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6 வால்வு, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு 5ஒய்3 வால்வு, ஒரே ஒரு ஒலியளவுக் குமிழ், ஏறத்தாழ 5 வாட். சுற்றுப்படம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

10 ஜனவரி 2022

நேற்று அவசரத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். இதனுள் இருப்பது உயிரை எடுக்கும் மின்னழுத்தம். மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும், நேர்மின்னோட்டத்தைச் சீராக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வால்வுகள் சூடாக இருக்கும்போது அணைத்தால் அவையே அதைப் பெருமளவு வடித்துவிடும் என்பதால் பலர் பல நாள் தப்பித்துக்கொண்டே வருகிறார்கள். 6வி6ஐக் கழற்றிவிட்டு ஓட்டிச் சோதித்து அணைத்தால் வடிப்பதற்கு ஆள் கிடையாது.

நான் அப்படித்தான் கற்றேன். டிரான்ஸ்ஃபார்மர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 5ஒய்3ஐ மட்டும் செருகி ஓட்டினேன். சுமையே இல்லாததால் 325-0-325 வோல்ட் சுருளின் உச்ச மதிப்பான 460 வோல்ட் அப்படியே கெப்பாசிட்டரில் ஏறியது. நான் வைத்திருந்ததோ 450 வோல்ட் வரை தாங்கும் கெப்பாசிட்டர். அது வெடிக்கவில்லை. நான் திருப்புளியால் அதன் இரு முனைகளையும் சேர்த்தபோது வந்த சத்தம்தான் வெடித்தது போலிருந்தது. திருப்புளியின் நுனியில் மிளகளவு பள்ளம் இன்றும் இருக்கிறது.

இப்போது 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையை முதலைக் கவ்வியால் ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸில் பிடித்து, காப்பிட்ட மறுமுனையைக் கெப்பாசிட்டரில் அரை நிமிடத்துக்கு மேல் வைக்கிறேன். பிறகு மீட்டரால் அளக்கிறேன். அளக்காமல் கை வைப்பதில்லை. ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கத்தைக் கேலி செய்யாதீர்கள். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் வழியில் இருப்பது இதயம்.

16 ஜனவரி 2022

கேட்டவர் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டாராம். அவருக்குத் துணையாக நானும் ஒன்றைக் கட்டப் போகிறேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு சேம்ப் சுற்று இருக்கிறது. அதை நானே செதுக்கிய பிசிபியில் அமைத்திருக்கிறேன். இம்முறை அதே மதிப்புகள், அதே வகை டிரான்ஸ்ஃபார்மர்கள், ஆனால் டர்ரெட் பலகையில் (சிறு பித்தளைத் தூண்கள் பதித்த பலகை). இனி முன்னதை ‘அ’ என்றும் புதியதை ‘ஆ’ என்றும் குறிப்பிடுகிறேன். என் முதல் குறிப்பில் சொன்னதை நானே சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. டர்ரெட் பலகையையும் கண்ணறைப் பலகையையும் (துளைகளில் உலோக வளையம் பதித்தது) பலர் ‘பாயிண்ட் டு பாயிண்ட்’ என்று அழைக்கிறார்கள். அது தவறு. உதிரிப்பாகங்களின் கால்களே வால்வு சாக்கெட்டிலிருந்து டேக் ஸ்ட்ரிப்புக்கு (இணைப்புக் காதுகள் வரிசையாக உள்ள பட்டை) நேராகப் போனால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஃபெண்டரின் பழைய ஆம்ப்கள் கண்ணறைப் பலகையில் அமைந்தவை. கையால் கம்பியிட்டவை என்ற பொதுப்பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்தும், சண்டையும் வராது.

29 ஜனவரி 2022

ஈயம் வைப்பது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு இணைப்பை மட்டும் விவரிக்கிறேன்.

டர்ரெட் என்பது பலகையில் அறையப்பட்ட சிறு பித்தளைத் தூண். இடுப்பில் ஒரு பள்ளம், உச்சியில் ஒரு துளை. கம்பியை அந்த இடுப்பில் அரைச்சுற்று வளைத்தால் போதும். என் முதல் பலகையில், உறுதியாக இருக்கட்டும் என்று இரண்டு முழுச் சுற்று சுற்றி இடுக்கியால் நெரித்து வைத்தேன். அது உறுதியாகத்தான் இருந்தது, பிறகு ஒரு ரெசிஸ்டரை மாற்ற வேண்டி வந்தபோது அதன் காலை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. சூடேற்ற வேண்டியது தூணையும் கம்பியையும்தான், ஈயத்தை அன்று. சால்டரிங் அயர்னின் பக்கவாட்டைத் தூணில் சாய்த்து, இரண்டு எண்ணும் நேரம் காத்து, அயர்ன் தொடாத மறுபக்கத்தில் ஈயத்தை வைக்க வேண்டும். தூண் தயாராக இருந்தால் ஈயம் தானாகவே சுற்றி ஓடி, கம்பியின் வடிவம் வெளியே தெரியும்படி மெல்லிய உறையாகப் படியும். உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை, உட்கார்ந்திருக்கிறது.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கொண்ட 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக இறுகும். 60/40 கலவைக்கு நடுவில் சில டிகிரி குழம்புநிலை உண்டு. அந்த நேரத்தில் கம்பி அசைந்தால் இணைப்பு மங்கிப்போய்ப் பின்னால் தொல்லை தரும். ஈயமற்ற கலவையில் நல்ல இணைப்பும் மங்கலாகத்தான் இருக்கும் என்பதால், பளபளப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை அங்கே செல்லாது.

12 பிப்ரவரி 2022

‘ஆ’ முடிந்தது. மிக அழகாக வந்திருக்கிறது. கம்பிகளை எல்லாம் ஒரே திசையில் படிய வைத்து மெழுகு நூலால் கட்டி, மூலைகளில் நேர்கோணமாக மடித்திருக்கிறேன். படம் போட்டால் கைதட்டல் நிச்சயம். இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.

13 பிப்ரவரி 2022

மின்சாரம் கொடுத்தேன். முதலில் பல்பு வழியாகத்தான். 60 வாட் பழைய இழைப் பல்பு ஒன்றை மின்வரத்துக்குத் தொடராக இணைத்துக்கொண்டால், உள்ளே எங்கேனும் குறுக்கிணைப்பு இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது; அதை வைத்துச் சோதித்துவிட்டு ‘எரியவே இல்லை, ஆகவே எல்லாம் நலம்’ என்று சென்ற ஆண்டு ஒருவர் எழுதினார்.

பல்பு மங்கியது. நேரடி இணைப்புக்கு மாற்றினேன். ஏறத்தாழ பதினைந்து விநாடிகளில், வால்வுகள் சூடேறிய அதே நொடியில், ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. குமிழ் பூஜ்ஜியத்தில் இருந்தும் அது நிற்கவில்லை. அணைத்துவிட்டு அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

குமிழைக் குறைத்தும் நிற்காத ஊளை என்றால், குழப்பம் குமிழுக்குப் பிறகு இருக்கிறது. இந்தச் சுற்றில் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து 22 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டாம் நிலையின் கேத்தோடுக்கு (வால்வில் எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை) சிக்னலின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அது பெருக்கத்தைக் குறைக்கும் எதிர்ப்பின்னூட்டமாக இருக்க வேண்டுமானால், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் முனைகள் சரியான திசையில் இணைந்திருக்க வேண்டும். மாறியிருந்தால் குறைக்க வேண்டியது கூட்டும், ஆம்ப் ஊளையிடும். ஸ்பீக்கர் பக்கத்து இரு கம்பிகளையும் இடம் மாற்றினேன். அமைதி. எந்த நிறம் எந்தத் திசை என்பதை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி வைத்திருப்பதில்லை. ஆகவே அந்த இரு கம்பிகளையும் ஓட்டிப் பார்க்கும்வரை கொஞ்சம் நீளமாகவே விட்டு வையுங்கள்.

19 பிப்ரவரி 2022

கேட்டுவிட்டேன். என் முதல் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

‘அ’வையும் ‘ஆ’வையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி வாசித்தேன். ‘ஆ’வில் மேல்சுரங்கள் திறந்து ஒலிக்கின்றன, அழுத்தி மீட்டினால் விரைவாகவே கரகரத்து உடைந்து, நெகிழ்ந்து, விரலுக்குப் பதில் சொல்கிறது. ‘அ’ அதன் பக்கத்தில் சற்றே பணிவான பிள்ளை. மதிப்புகள் ஒன்றே, டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒன்றே. சத்தியம் செய்கிறவர்கள் சொல்வதில் ஏதோ இருக்கிறது.

20 பிப்ரவரி 2022

நேற்றைய குறிப்புக்கு வந்த பாராட்டுகளைக் கண்டால் எனக்கே ஐயம் வருகிறது. நான் இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தவில்லை. சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாகவே ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஓய்வு கிடைத்ததும் அளக்கிறேன்.

26 பிப்ரவரி 2022

அளப்பதற்கு முன்பே வேறொரு தொல்லை. கிட்டாரின் ஒலியளவுக் குமிழை முழுதாகத் திருப்பினால் ‘ஆ’ ஒழுங்காக இருக்கிறது. பாதியில் வைத்தால் மெல்லிய கீச்சொலி. முழுதாக மூடினாலும் ஒழுங்கு. பாதியில் மட்டும்.

மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பின் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். மெழுகு நூலால் கட்டிய அந்த அழகிய கட்டைத் தொட்டதும் கீச்சொலியின் சுருதி மாறியது. அணைத்து, வடித்து, அளந்து, நூலை அறுத்தேன். உள்ளீட்டு ஜாக்கிலிருந்து முதல் கிரிட்டுக்கு (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) போகும் கம்பியை அதன் அண்டையிலிருந்த கம்பியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விலக்கி வைத்தேன். கீச்சொலி மறைந்தது. அண்டைக் கம்பி எதுவென்று பார்த்தால், இரண்டாம் நிலையின் பிளேட்டிலிருந்து (பெருக்கிய சிக்னல் வெளிவரும் முனை) வருவது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நிலையின் கேத்தோடில் நான் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்திருப்பதால் அதன் பெருக்கம் ஏறத்தாழ 60, இரண்டாவது ஏறத்தாழ 30, சேர்ந்து 1,800. இரு நிலைகளும் தலைகீழாக்குவதால் இரண்டாம் பிளேட்டில் இருப்பது முதல் கிரிட்டில் இருப்பதன் அதே திசைப் பிம்பம். இரு கம்பிகளுக்கு இடையே வெறும் 0.1 பிகோஃபாரட் இருந்தாலும் 10,000 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 159 மெகாஓம். கிட்டாரின் குமிழ் நடுவில் இருக்கும்போது கிரிட் பக்கம் ஏறத்தாழ 1 லட்சம் ஓம் இருக்கும். ஆகவே திரும்பி வருவது 1,600இல் ஒரு பங்கு. அதை 1,800 மடங்கு பெருக்கினால் ஒன்றைத் தாண்டிவிடுகிறது, அதாவது ஒலி தன்னைத்தானே ஊட்டிக்கொள்ளும். இடையில் வரும் திசை நகர்வுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் ஆம்ப் விளிம்பில் நிற்கிறது என்பதைக் காட்ட இது போதும். குமிழை முழுதாகத் திருப்பினாலோ மூடினாலோ கிரிட் பக்கத்து எதிர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும், அதனால்தான் இரு முனையிலும் அமைதி. சுற்றுப்படத்தில் இல்லாத ஒரு கெப்பாசிட்டரை மெழுகு நூலால் நானே கட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே முதல் குறிப்பை இன்னொரு பக்கத்திலிருந்தும் திருத்த வேண்டியிருக்கிறது. கம்பிக்கு ஒலி இல்லை, ஆனால் அதன் இடத்துக்கு உண்டு. பிசிபியில் அந்த இடம் ஒரு முறை தீர்மானிக்கப்பட்டால் ஆயிரம் பலகையிலும் அதுவேதான். கையால் கட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகத் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் தீர்மானிக்கிறோம் என்று தெரியாமலே.

68 கிலோஓம் உள்ளீட்டு ரெசிஸ்டர்களை ஜாக்கின் மேல் வைக்காமல் சாக்கெட்டின் கிரிட் ஊசியருகே வைப்பதும், அந்தக் கம்பிக்குக் கவசக் கம்பியைப் பயன்படுத்தி அதன் கவசத்தை ஒரு முனையில் மட்டும் பூமியிடுவதும் நல்லது. நான் இரண்டையும் செய்துவிட்டேன்.

27 பிப்ரவரி 2022

நேற்றைய குறிப்பில் நான் அழகை இகழ்ந்துவிட்டேன் என்கிறார் ஒருவர். இல்லை. வால்வுகளைச் சூடேற்றும் ஹீட்டர் கம்பிகளை இறுக முறுக்கி மூலையோரமாக ஓட்டுவது அழகும்தான், தேவையும்தான். கேமராவுக்காகக் கம்பியை மடிக்காதீர்கள் என்று மட்டுமே சொல்ல வந்தேன்.

6 மார்ச் 2022

அளந்தேன். ‘ஆ’ உண்மையிலேயே ‘அ’வைவிட உரக்க ஒலிக்கிறது. மின்னழுத்தங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் சில வோல்ட்டுக்குள் ஒத்துப்போகின்றன. பிறகு மின்சாரத்தை அணைத்து ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வந்தபோது, பின்னூட்டப் பாதையில் இருந்த ரெசிஸ்டர் 22 அல்ல, 27 கிலோஓம். மதிப்பைச் சொல்லும் நிறப்பட்டைகளில் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு (22) என்று நான் படித்தது சிவப்பு, ஊதா, ஆரஞ்சு (27). என் மேசை விளக்கு மஞ்சள் ஒளி தருவது. அதன் கீழ் இரண்டாம் பட்டையை இன்று மறுபடி பார்த்தாலும் அரக்குச் சிவப்பாகவே தெரிகிறது. சன்னலருகே கொண்டுபோனால் ஐயமே இல்லை, ஊதா.

பின்னூட்டம் குறைந்தால் பெருக்கம் கூடும், ஒலி சற்றுத் திறக்கும், விரைவில் உடையும். பிப்ரவரி 19ஆம் தேதி எனக்கு ‘உயிர்’ போலக் கேட்டது அந்த ஊதாப் பட்டை. அன்றைய குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

12 மார்ச் 2022

27ஐ எடுத்துவிட்டு 22ஐ வைத்தேன். ஒலியளவைச் சமப்படுத்தினேன். நான் முதுகைக் காட்டி உட்கார, நண்பர் நாணயத்தைச் சுண்டி எதை ஒலிக்கச் செய்வது என்று தீர்மானித்தார். ஒரே இசைத்தொடரைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஊட்டியதால் விரலின் வேறுபாடும் இல்லை. 12 முறையில் 7 முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிச் சொன்னாலும் 6 கிடைக்கும். ஒருவர் காதும் 12 முறையும் எதையும் நிறுவப் போதாதுதான். ஆனால் பிப்ரவரியில் நான் கேட்டதாக எழுதிய அந்தப் பெரிய வேறுபாடு இருந்திருந்தால் 12உம் சரியாக வந்திருக்க வேண்டும்.

20 மார்ச் 2022

இரைச்சல் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஹம் (ஸ்பீக்கரிலிருந்து வரும் தொடர் உறுமல்) எந்தச் சுருதியில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். மின்வரத்தின் அதிர்வெண்ணிலேயே, அதாவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் வட்டமாக உறுமினால் ஹீட்டர் கம்பியோ, கிரிட்டுக்கு அருகே போகும் மின்வரத்துக் கம்பியோ காரணமாக இருக்கலாம். அதன் இருமடங்கில், கரகரப்போடு இருந்தால் முழுஅலைத் திருத்தியின் (இங்கே 5ஒய்3) எச்சம்.

‘ஆ’வில் இருந்தது இரண்டாவது வகை. இரு வெளியீட்டு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்-புல் ஆம்ப்களில் மின்வழங்கியின் அலைவு வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் பெருமளவு தன்னைத்தானே ரத்து செய்துகொள்ளும். ஒற்றை வெளியீட்டு வால்வுள்ள சேம்ப்பில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே வடிகட்டிக் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கலாம் என்று முதலாவதை 16இலிருந்து 22 மைக்ரோஃபாரடாக்கினேன். மாற்றமில்லை. 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றினால் இரைச்சல் நின்றது; அப்படியானால் அது 6வி6இல் நுழையவில்லை, முன்நிலையில் நுழைகிறது.

தவறு பூமியிணைப்பில் இருந்தது. எல்லாப் பூமிக் கம்பிகளையும் ஒரே திருகில் சேர்த்துவிட்டால் நட்சத்திரப் பூமி என்று எண்ணி, முதல் வடிகட்டிக் கெப்பாசிட்டரின் எதிர்மின் முனையை முன்நிலையின் கம்பியோடு சேர்த்து அத்திருகுக்குக் கொண்டுபோயிருந்தேன். அந்தக் கெப்பாசிட்டர் மின்னேறுவது தொடர்ச்சியாக அன்று. ஒவ்வோர் அரைச்சுழற்சியின் உச்சியிலும் குறுகிய, கூரிய துடிப்பாக. அந்தத் துடிப்பு ஓடும் ஒவ்வொரு சென்டிமீட்டர் கம்பியிலும் சிறு மின்னழுத்தம் எழும். அதே கம்பியை முதல் கேத்தோடும் தன் பூஜ்ஜியமாக நம்பிக்கொண்டிருந்தது. கெப்பாசிட்டரின் எதிர்மின் முனையை மின்வழங்கி டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையோடு நேராகச் சேர்த்து, அங்கிருந்து ஒரே கம்பியைத் திருகுக்குக் கொண்டுபோனேன். கூடவே உள்ளீட்டு ஜாக்கைக் காப்பு வளையங்களால் சேசிஸிலிருந்து பிரித்தேன். இப்போது ஆம்ப் ஓடுகிறதா என்று காதை ஸ்பீக்கரருகே கொண்டுபோய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மின்வரத்தின் பாதுகாப்புப் பூமிக் கம்பிக்கு மட்டும் தனித் திருகு. அதை வேறெதனோடும் பகிர வேண்டாம், இரைச்சலைக் குறைக்க அதைக் கழற்றவே வேண்டாம்.

27 மார்ச் 2022

6வி6 அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்று ஒருவரிடம் சென்ற வாரம் சொன்னேன். அந்தக் கணக்கு தவறு. பிளேட்டில் 340 வோல்ட், கேத்தோடில் 20 வோல்ட், ரெசிஸ்டர் 470 ஓம். 20ஐ 470ஆல் வகுத்தால் 42.5 மில்லிஆம்பியர், அதை 340ஆல் பெருக்கி 14.5 வாட் என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டேன்.

மூன்று பிழைகள். வால்வுக்குக் குறுக்கே இருப்பது 340 அன்று, கேத்தோடைக் கழித்த 320. கேத்தோடு வழியாகப் போவதில் ஸ்கிரீன் (வால்வின் இரண்டாம் கிரிட்) மின்னோட்டமும் கலந்திருக்கிறது. அது இரண்டரை மில்லிஆம்பியர் அளவு. மூன்றாவதை அவரே பிடித்தார்: தன் ரெசிஸ்டரை அளந்தால் 492 ஓம் என்றார். அப்படியானால் 40.7 மில்லிஆம்பியர், ஸ்கிரீன் போக 38.2, 320ஆல் பெருக்கினால் 12.2 வாட். பழைய தரவுத்தாள்கள் பிளேட்டின் வெப்ப வரம்பு 6வி6ஜிடிக்கு 12 வாட் என்றும் பிந்தைய 6வி6ஜிடிஏவுக்கு வேறு கணக்குமுறையில் 14 வாட் என்றும் சொல்கின்றன. ஒற்றை வெளியீட்டு வால்வு எப்போதும் மின்னோட்டத்தைக் கடத்தும் கிளாஸ் ஏ அமைப்பில் சும்மா இருக்கும்போதுதான் வெப்பம் உச்சத்தில் இருக்கும், வாசிக்கும்போது ஒரு பகுதி ஸ்பீக்கருக்குப் போய்விடும். அவர் நிம்மதியாக வாசிக்கலாம். பிளேட்டில் செம்மை படர்ந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும்.

3 ஏப்ரல் 2022

பழைய கண்ணறைப் பலகையைப் பற்றி வந்த கேள்விக்கு: ஆம், பலகையே மின்சாரம் கடத்தலாம். ஃபெண்டர் பயன்படுத்தியது மெழுகில் தோய்த்த நார்ப்பலகை. பல பத்தாண்டுகளில் ஈரத்தை உறிஞ்சியிருந்தால், உதிரிப்பாகம் எதுவும் தொடாத வெற்றிடத்தில் மீட்டர் முனையை வைத்தாலும் சில வோல்ட் காட்டும். அது கிரிட்டருகே இருந்தால் சரசரப்பாகக் கேட்கும். புதிதாகக் கட்டுகிறவர் கண்ணாடி இழைப் பலகையை எடுத்துக்கொள்ளட்டும். பழமைக்கு விசுவாசம் காட்ட ஈரப்பலகை தேவையில்லை.

பழைய வகையான கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டரும் அப்படியே. பழைய ஆம்ப் ஒன்றில் 100 கிலோஓம் என்று எழுதியிருந்தது 118 காட்டியது, இரையவும் செய்தது. முதல் நிலையில் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் வைத்தேன். இழந்ததாக ஒன்றையும் உணரவில்லை.

10 ஏப்ரல் 2022

27 கிலோஓமை மறுபடி வைத்துவிட்டேன். பிழையாக வந்தது என்பதற்காக நன்றாக ஒலித்ததை ஏன் விட வேண்டும்? சேசிஸின் உட்புறம் பென்சிலால் ‘பின்னூட்டம் 27, 22 அன்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னொரு முறை நானே ஏமாறாமல் இருப்பதற்காக.

16 ஏப்ரல் 2022

கேள்வியைத் தொடங்கியவர் தன் ஆம்ப்பை நேற்று முதன்முறையாக ஓட்டினாராம். ஊளையிட்டதாம், 13 பிப்ரவரிக் குறிப்பைப் பார்த்து இரு கம்பிகளையும் மாற்றினாராம், நின்றுவிட்டதாம். இப்போது 50 ஹெர்ட்ஸில் மெல்லிய உறுமல் மட்டும் மிச்சம் என்கிறார். அவருக்கு: ஹீட்டர் சுருளுக்கு நடுமுனை இல்லாததால் இரு பக்கமும் 100 ஓம் ரெசிஸ்டர் வைத்துச் செயற்கை நடுமுனை அமைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. இணைப்பைப் பிடுங்கி, வடித்து, வால்வுகளைக் கழற்றி, அந்த இரண்டிலும் ஒரு முனையை விடுவித்துத் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். சன்னலருகே வைத்து நிறப்பட்டைகளையும் பாருங்கள்.